விண்டோஸ் 98 போட்டதும் எக்ஸ்பி காணாமல் போனது: ஒரே பெட்டியில் இரண்டும் வேண்டும்

அச்சுக்கூடத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, இதுதான் தொழில். பழைய வேலைகள் எல்லாம் பேஜ்மேக்கர் 6.5-இல் இருக்கின்றன. அப்போது வாங்கிய தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு லாக் உண்டு. கணினியின் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் வராது. அது விண்டோஸ் 98-இல் மட்டும்தான் வேலை செய்கிறது. போன மாதம் 98 இருந்த பெட்டியில் மதர்போர்டு கெப்பாசிட்டர்கள் உப்பிக்கொண்டு போய்விட்டன.

மிச்சம் இருப்பது ஒரு பென்டியம் 4: 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்டெல் 845 சிப்செட், 512 எம்பி ராம், 80 ஜிபி ஐடிஇ ஹார்டுடிஸ்க். அதில் எக்ஸ்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 60 ஜிபி என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு), மீதியில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று காலியாக இருந்தது. இரண்டும் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள். தெரிந்த கணினி மெக்கானிக் ஒருவர் வந்து காலி பார்ட்டிஷனில் 98 போட்டார். முதலில் பூட் ஆகவில்லை. டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான எஃப்டிஸ்க்கில் எதையோ மாற்றினார், 98 வந்துவிட்டது. ஆனால் இப்போது எக்ஸ்பி வரவில்லை. 98-இன் மை கம்ப்யூட்டரில் அந்த 60 ஜிபி டிரைவே காட்டவில்லை. அவரைக் கேட்டால் "ஃபார்மட் ஆகியிருக்கும்" என்கிறார். அதில் நான்கு வருடக் கணக்கு வழக்கு இருக்கிறது. போய்விட்டதா?

எதற்கு_வம்பு

98-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நின்றது 2006 ஜூலை 11. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. செத்த இரண்டு பேரை ஒரே அறையில் படுக்கவைக்க ஏன் இந்தப் பாடு? புதுக் கணினி வாங்கி விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) 98-ஐப் போடுங்கள். அரைமணி நேர வேலை.

ஐடிஇ_கேபிள்

அச்சுக்கூடத்தான், முதலில் கையை எடுத்துவிடுங்கள். எதையும் ஃபார்மட் செய்ய வேண்டாம், மெக்கானிக்கையும் தொடவிட வேண்டாம். உங்கள் தரவு அநேகமாக அப்படியே இருக்கிறது.

98-க்கு என்டிஎஃப்எஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் அந்த டிரைவ் கண்ணில் படவில்லை. காட்டாததும் அழிந்ததும் வேறு வேறு.

நடந்தது என்னவென்றால்: கணினியைத் திறந்ததும் மதர்போர்டில் ஓடும் பயாஸ் என்ற நிரல் முதலில் ஹார்டுடிஸ்க்கின் முதல் செக்டாரைப் படிக்கும். அதில் உள்ள சின்ன நிரல், நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களில் எதற்கு 'ஆக்டிவ்' என்று குறி போட்டிருக்கிறதோ அதைக் கூப்பிடும். உங்கள் டிஸ்க்கில் குறி முதலில் எக்ஸ்பி பார்ட்டிஷன் மேல் இருந்தது. அதனால் 98 பூட் ஆகவில்லை. மெக்கானிக் குறியை 98 பக்கம் தள்ளிவிட்டார். இப்போது எக்ஸ்பியை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

98-இல் டாஸ் மோடுக்குப் போய் எஃப்டிஸ்க் ஓட்டுங்கள். பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள். மெனுவில் 2 என்பது ஆக்டிவ் பார்ட்டிஷன் வைப்பது. 'டாஸ் அல்லாதது' அல்லது என்டிஎஃப்எஸ் என்று காட்டும் முதல் பார்ட்டிஷனின் எண்ணைக் கொடுங்கள். வெளியே வந்து ரீஸ்டார்ட். 3-ஐத் தொடாதீர்கள், அது அழிக்கிற மெனு.

அச்சுக்கூடத்தான்

ஐயா, செய்ய உட்கார்ந்தேன். ஆனால் எஃப்டிஸ்க் என் 80 ஜிபி டிஸ்க்கை 10 ஜிபி சொச்சம் என்று காட்டுகிறது! 10783 எம்பி. வியர்த்துவிட்டது, அப்படியே நிறுத்திவிட்டேன். டிஸ்க்கே போச்சா?

ஐடிஇ_கேபிள்

போகவில்லை. 98-உடன் வந்த எஃப்டிஸ்க்குக் கணக்கு 64 ஜிபி வரைதான் தெரியும். அதைத் தாண்டினால் கார் மீட்டர் சுற்றி மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுவது மாதிரி. உங்கள் டிஸ்க் உண்மையில் 76319 எம்பி. அதில் 65536-ஐக் கழியுங்கள், 10783 வரும். டிஸ்க் விற்கிறவர்கள் ஆயிரத்தாலும் கணினி 1024-ஆலும் கணக்கிடுவதால்தான் 80 ஆயிரம் எம்பி என்பது 76 ஆயிரம் சொச்சமாகிறது, அதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆக்டிவ் குறியை மாற்றுவதற்கு இந்தக் கோளாறு தடையில்லை. ஆனால் இந்த எஃப்டிஸ்க்கை வைத்துப் புது பார்ட்டிஷன் போடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் பிறகு திருத்திய எஃப்டிஸ்க் ஒன்று வெளியிட்டது. போடுவதாக இருந்தால் அதை ஒரு பூட் ஃப்ளாப்பியில் வைத்துப் போட வேண்டும்.

அச்சுக்கூடத்தான்

வந்துவிட்டது!! எக்ஸ்பி வந்துவிட்டது, ஒரு கோப்புகூடப் போகவில்லை. அப்பா முகத்தில் இப்போதுதான் ரத்தம் ஓடுகிறது. உடனே கணக்கு எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் எடுத்துவைத்துவிட்டேன்.

ஆனால் இப்போது 98 வரவில்லை. நியாயம்தான், குறி இங்கே வந்துவிட்டது.

எதற்கு_வம்பு சொன்ன விர்ச்சுவல் மெஷினை ஏற்கெனவே என் மடிக்கணினியில் முயன்றேன். 98 வருகிறது. லாக்கைச் செருக இடம்தான் இல்லை. பிரிண்டர் போர்ட்டை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளும் வாங்கினேன். லாக்கைக் கண்டுகொள்ளவே இல்லை.

ரிச்சி_தெரு_வாசி

அந்தக் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான் ஆகும் அண்ணே. லாக்கைத் தேடும் மென்பொருள், போர்டில் உள்ள உண்மையான எல்பிடி போர்ட்டின் (பிரிண்டர் போர்ட்) 378 என்கிற முகவரியில் நேரடியாகத் தட்டிப் பார்க்கும். யுஎஸ்பி கேபிளில் அந்த முகவரியே கிடையாது. எக்ஸ்பியிலும் அதே கதைதான், ஆனால் காரணம் வேறு. 98-இல் எந்த மென்பொருளும் போர்ட்டைத் தானே போய்த் தொடலாம். எக்ஸ்பி விண்டோஸ் என்டி வம்சம், நடுவில் டிரைவர் இல்லாமல் தொடவிடாது. லாக் கொடுத்த நிறுவனம் என்டி டிரைவர் எழுதியிருந்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் 98-தான் கதி.

நான் சொல்வது: இரண்டாவது ஹார்டுடிஸ்க் ஒன்று வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய 40 ஜிபி ஐடிஇ தேடிப் பார்க்கலாம். ஒன்றில் 98, ஒன்றில் எக்ஸ்பி. மொபைல் ரேக்கில் (டிஸ்க்கை இழுப்பறை மாதிரி செருகிக் கழற்றும் சட்டம்) வைத்து இழுத்து மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மற்றொன்றின் வழிக்கே வராது.

பென்டியம்_தாத்தா

இரண்டு டிஸ்க் என்பது கணினிக்காரனுக்குச் சுலபம். அச்சகத்துக்கு அல்ல. கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் ரேக்கை இழுத்துக்கொண்டிருப்பாரா? ஐடிஇ டிஸ்க்கை ஓடும்போது இழுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். என் கடையில் ஒருவர் இழுத்தார்.

அச்சுக்கூடத்தான், இப்போது உங்களிடம் இருப்பது பாதி டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ்). எக்ஸ்பியிலிருந்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 98-ஐ ஆக்டிவ் ஆக்கலாம், 98-இலிருந்து எஃப்டிஸ்க்கில் எக்ஸ்பியை ஆக்டிவ் ஆக்கலாம். அவசரத்துக்கு இது போதும். ஆனால் நிரந்தரமாக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வரிசையாகப் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

வரிசைதான் இதில் எல்லாமே. இளையவனுக்கு மூத்தவனைத் தெரியும், மூத்தவனுக்கு இளையவனைத் தெரியாது. 98-ஐ முதலில் போட்டுவிட்டுப் பிறகு எக்ஸ்பியைப் போட்டால், எக்ஸ்பியின் செட்டப் அங்கே ஏற்கெனவே ஒருவன் குடியிருப்பதைப் பார்க்கும். 98-இன் பூட் செக்டாரை எடுத்து 'பூட்செக்ட்.டாஸ்' என்ற கோப்பாக சி டிரைவிலேயே பத்திரப்படுத்தும். தன்னுடைய 'என்டிஎல்டிஆர்' என்ற ஏற்றியை அந்த இடத்தில் வைக்கும். 'பூட்.ஐஎன்ஐ'யில் இரண்டு பெயரையும் எழுதிவைக்கும். கணினி திறந்ததும் எது வேண்டும் என்று மெனு கேட்கும். இதற்கு வேறு எந்த மென்பொருளும் வேண்டாம்.

98-ஐக் கடைசியில் போட்டால் அது யாரையும் கேட்காது. வந்து நடுக்கூடத்தில் படுத்துவிடும்.

அச்சுக்கூடத்தான்

தாத்தா, அதைத்தான் செய்யப் போகிறேன். எவ்வளவு எவ்வளவு பிரிப்பது? 98-ஐயும் எக்ஸ்பியையும் ஒரே சி டிரைவில் போடலாமா?

பென்டியம்_தாத்தா

ஒரே டிரைவில் போடவே போடாதீர்கள். இரண்டும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஒரே பெயரில் கோப்புறை வைத்துக்கொள்ளும். ஒன்றின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மேல் மற்றொன்று ஏறும். பிறகு இரண்டும் இருக்காது.

நான் பிரிப்பேன் என்றால் இப்படி: சி 10 ஜிபி, ஃபேட்32, அதில் 98. அடுத்து டி 25 ஜிபி, இதுவும் ஃபேட்32, வேலைக் கோப்புகள் மட்டும். மீதி முழுவதும் எக்ஸ்பிக்கு, என்டிஎஃப்எஸ், அது இ.

என்டிஎஃப்எஸ்ஸை ஏன் கடைசியில் தள்ளுகிறேன் என்று கேட்பீர்கள். பலர் தவறுவது இங்கேதான். 98 தன் கண்ணில் படுகிற பார்ட்டிஷன்களுக்கு மட்டும் சி, டி என்று எழுத்து கொடுக்கும். நடுவில் என்டிஎஃப்எஸ் இருந்தால் அதைத் தாண்டிக் குதித்துவிடும். எக்ஸ்பியில் இ என்று இருப்பது 98-இல் டி ஆகிவிடும். பேஜ்மேக்கர், பக்கத்தில் வைத்த படங்களை 'டி டிரைவில் இந்த இடத்தில்' என்று நினைவு வைத்துக்கொள்ளும் ஆள். எழுத்து மாறினால் ஒவ்வொரு பத்திரிகையிலும் பிள்ளையார் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கும். கடைசியில் வைத்தால் இரண்டிலும் சி சிதான், டி டிதான்.

எக்ஸ்பி செட்டப்பில் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே எழுத்து தெரியும். என்டர் தட்டுமுன் இ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். போட்டுவிட்டால் சிஸ்டம் டிரைவின் எழுத்தை மாற்ற வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐடிஇ_கேபிள்

தாத்தா சொன்னதோடு சில துண்டு விஷயங்கள்.

98 சிடியில் உள்ள 'வின்98' கோப்புறையை முதலில் சி-யில் நகலெடுத்துவிட்டு அங்கிருந்தே செட்டப்பை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் மாற்றினாலும் சிடியைப் போடு என்று கேட்கும். 98 இரண்டாம் பதிப்பா என்று பாருங்கள், 1999-இல் வந்தது. முதல் பதிப்பு என்றால் யுஎஸ்பியில் இன்னும் அவதி.

98 ஏறியதும் 845-க்கான சிப்செட் டிரைவர், அப்புறம் டிஸ்ப்ளே டிரைவர். உங்கள் போர்டு அதிர்ஷ்டசாலி. 845-க்கு இன்டெல் 98 டிரைவர் கொடுத்திருந்தது. 915 வந்தபோது 98-ஐக் கைகழுவிவிட்டது. அந்த போர்டில் இந்த வேலையைச் சொல்லியிருந்தால் நானும் எதற்கு_வம்பு கட்சியில் சேர்ந்திருப்பேன்.

எக்ஸ்பியை சிடியிலிருந்து பூட் செய்து போடுங்கள். 98-க்குள் இருந்து சிடியைப் போட்டால் 'அப்கிரேட்' செய்யட்டுமா என்று ஆசை காட்டும். சரி என்றால் 98 போயிற்று.

அச்சுக்கூடத்தான்

ஞாயிறு காலை 9 மணிக்கு ஆரம்பித்து மாலை 5 மணிக்கு முடித்தேன். திருத்திய எஃப்டிஸ்க் 76319 என்று ஒழுங்காகக் காட்டியது. நடுவில் மின்வெட்டு ஒரு முறை, நல்ல வேளை ஃபார்மட் முடிந்த பிறகு. இப்போது திறந்ததும் கறுப்புத் திரையில் எக்ஸ்பி, 98 என்று இரண்டு பெயர். லாக்கைச் செருகினேன், தமிழ் வந்தது. அப்பா 2001-இல் அடித்த ஒரு பத்திரிகையைத் திறந்து எழுத்துப்பிழை கண்டுபிடித்துவிட்டார்.

ஒன்று மட்டும்: 30 விநாடிக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் எக்ஸ்பிக்குப் போய்விடுகிறது. அப்பாவுக்கு 98 தானாக வர வேண்டும்.

ரிச்சி_தெரு_வாசி

எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டர் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி. அங்கேயே முதலில் வருவது எது, எத்தனை விநாடி என்று மாற்றலாம். என் ரேக் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 🙂

கையோடு சி-யின் மூலத்தில் இருக்கும் பூட்.ஐஎன்ஐ, என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட், பூட்செக்ட்.டாஸ் நான்கையும் ஒரு ஃப்ளாப்பியில் எடுத்துவையுங்கள். மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொல்ல வேண்டும். 98 தகராறு செய்கிறது என்று யாராவது வந்து டாஸில் 'சிஸ் சி' கட்டளை கொடுத்தால் மெனு போய்விடும், நேராக 98 வரும். அப்போது எக்ஸ்பி சிடியில் ரெக்கவரி கன்சோலுக்குப் போய் 'ஃபிக்ஸ்பூட்' கொடுத்தால் மெனு திரும்பும்.

அச்சுக்கூடத்தான்

மறுபடியும் நான்தான். எக்ஸ்பியில் ஃபோட்டோஷாப் மெதுவாக இருக்கிறது என்று 1 ஜிபி ராம் ஒன்று கூடச் செருகினேன். மொத்தம் 1.5 ஜிபி. எக்ஸ்பி பறக்கிறது. 98-ஐத் திறந்தால் "விண்டோஸைத் தொடங்கப் போதிய நினைவகம் இல்லை" என்கிறது. கூட்டியிருக்கிறேன், குறைவு என்கிறதே?

பென்டியம்_தாத்தா

பழைய ஆளுக்கு விருந்து செரிக்கவில்லை. 98-இன் வட்டு கேஷ் (டிஸ்க்கில் படித்ததை ராமில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம்), ராம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப இடம் ஒதுக்கும். 512 எம்பிக்கு மேல் போனால் முகவரிகளையெல்லாம் அதுவே வளைத்துப் போட்டுக்கொள்ளும், மற்றவர்களுக்கு மிஞ்சாது. அதைத்தான் 'நினைவகம் இல்லை' என்கிறது.

ராமைக் கழற்ற வேண்டாம். எக்ஸ்பிக்குள் போய், சி-யில் விண்டோஸ் கோப்புறையில் உள்ள சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பை நோட்பேடில் திறங்கள். சி ஃபேட்32 என்பதால் எக்ஸ்பிக்கு அது திறந்த வீடு. அதில் விகேஷ் என்ற பிரிவின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் = 262144 என்று ஒரு வரி. கிலோபைட்டில் சொல்வது, 256 எம்பி. அடுத்து 386-இஎன்எச் பிரிவின் கீழ் மேக்ஸ்ஃபிஸ்பேஜ் = 30000 என்று ஒரு வரி. இந்த 30000 பதினாறடிமான எண், நம் வழக்கமான கணக்கில் 196608. ஒரு பக்கம் 4 கேபி என்று பெருக்கினால் 768 எம்பி வரும். அதற்கு மேல் ராம் இருப்பதையே 98 பார்க்காது. எழுத்துக்கூட்டல் கோப்பில் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

அச்சுக்கூடத்தான்

இரண்டு வரி, அவ்வளவுதான்! திறந்துவிட்டது. தாத்தாவுக்கு ஒரு கட்டு விசிட்டிங் கார்டு இலவசம்.

வடமராட்சியான்

அண்ணைமார், இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தனான். என்னிடமும் ஒரு பழைய கணனி இருக்கிறது. எங்கட சனசமூக நிலையத்தின் மலர்கள் முழுக்கப் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. லாக் எல்லாம் இல்லை. எனக்கும் 98 வேணுமோ?

ஐடிஇ_கேபிள்

உங்களுக்குத் தேவையே இல்லை. பாமினி வெறும் எழுத்துருதான், எக்ஸ்பியிலும் புதுக் கணினியிலும் போட்டால் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் தாராளமாக இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. மாற்றுவது இடம் மாற்றுவதுதான். 'கொ' மாதிரி ஒரு பக்கம் கொம்பும் மறுபக்கம் காலும் வரும் எழுத்துகளை மட்டும் சரிபாருங்கள்.

எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜஸ் தாவலில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' பெட்டியில் குறி போடுங்கள். சிடி கேட்கும். லதா எழுத்துரு வந்துவிடும். 98-இல் இந்த வசதியே இல்லை. விண்டோஸில் யூனிகோடு தமிழ் விண்டோஸ் 2000-இல்தான் முதலில் வந்தது.

அச்சுக்கூடத்தான்

இது எனக்கும் உதவும். 98-இல் திறந்து, பத்தியை நகலெடுத்து டி டிரைவில் உரைக்கோப்பாகப் போட்டுவிடுகிறேன். பிறகு எக்ஸ்பிக்குப் போய் யூனிகோடாக மாற்றிக்கொள்கிறேன். பென் டிரைவை 98 தனி டிரைவர் இல்லாமல் ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் போகட்டும், எக்ஸ்பியில் செருகி டி-யில் வைத்தால் 98 எடுத்துக்கொள்கிறது. 98-க்கு நெட் இணைப்பு கொடுக்கவே இல்லை.

வடமராட்சியான்

நன்றி அண்ணை. ஆனால் எனக்கு இரண்டும் போட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. 160 ஜிபி வன்தட்டு ஒன்றுக்கு இப்போதுதான் சொல்லிவைத்தனான்.

ரிச்சி_தெரு_வாசி

தம்பி, நிறுத்துங்கள்! 98-இன் ஐடிஇ டிரைவருக்கு 137 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. அதைத் தாண்டி எழுதப் போனால் பிழை காட்டாது, சுற்றி வந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிடும். பார்ட்டிஷன் அட்டவணையே அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 இல்லாவிட்டால் இதே வரம்புதான், ஆனால் 98-இல்தான் பலரும் இழந்தார்கள். எஃப்டிஸ்க் தப்பாகக் காட்டுவது கண்ணுக்குத் தெரிந்த கோளாறு, பயந்து நிறுத்திவிடலாம். இது டிஸ்க் பெரும்பகுதி நிரம்பின பிறகு ஒரு நாள் காலையில்தான் தெரியும்.

வடமராட்சியான்

கடைக்காரருக்கு இப்போதுதான் போன் எடுத்துச் சொன்னனான், 160 வேண்டாம் என்று. 80 ஒன்று கிடக்குதாம், ஆனால் பின்னால் ஊசிகளில் செருகிற சின்னத் துண்டு, அந்த ஜம்பர் இல்லையாம்.

பென்டியம்_தாத்தா

பழைய சிடி டிரைவின் பின்னால் பாருங்கள், அதே ஜம்பர்தான்.